வெளிநாட்டு ஆய்வகத்தில் மூன்று மாதம்: மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளில் ஆர்வமுள்ள பொறியியல் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செயற்கைக் கால், சக்கர நாற்காலி, பார்வையற்றோருக்கான தடி, பக்கவாதம் வந்தவர்களுக்கான பயிற்சிக் கருவி. இந்தத் துறையில் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் கோடை விடுமுறையைக் கழிக்க ஆசைப்படும் மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் பிறந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதத் தொடங்குவார்கள். நான் மறுவாழ்வுப் பொறியியலில் வேலை செய்பவள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

"அக்கா, ரிசர்ச் இன்டர்ன்ஷிப்னா கம்பெனி இன்டர்ன்ஷிப் மாதிரிதானா?"

இல்லை. கம்பெனியில் ஏற்கெனவே முடிவான வேலையில் உங்களுக்கு ஒரு பங்கு தருவார்கள். ஆய்வகத்தில் விடை தெரியாத கேள்வியில் ஒரு துண்டைத் தருவார்கள். பேராசிரியர் பெயரில் சேர்ந்தாலும் தினமும் உங்களோடு உட்காரப்போகிறவர் அவரிடம் பிஎச்.டி. செய்யும் ஒருவர்தான். பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று மாதம். கடைசியில் ஓர் அறிக்கையும், ஆய்வகக் கூட்டத்தில் ஒரு பேச்சும் இருக்கும். எடுத்த முயற்சி தோற்றுப்போனாலும், அது ஏன் தோற்றது என்று ஒழுங்காக எழுதிக்காட்டினால் அதுவும் வேலைதான்.

"ஆய்வக அறிவிப்புல 'குவாலிட்டி ஆஃப் லைஃப்'னு போட்டிருக்காங்களே, அது என்ன சப்ஜெக்ட்? பயோமெடிக்கல்காரங்களுக்கு மட்டுமா?"

அது தனிப் பாடமல்ல, ஒரு நோக்கம். வாழ்க்கைத்தரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் 26 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை வைத்திருக்கிறது. உடல், மனம், சமூக உறவு, சுற்றுச்சூழல் என்று நான்கு பிரிவுகள். அதற்கு அடிப்படையான பெரிய வினாத்தாளை உலகின் 15 மையங்களில் உருவாக்கினார்கள். அவற்றில் சென்னையும் ஒன்று. ஆகவே இந்த அளவுகோல் நமக்கு இறக்குமதிச் சரக்கு அல்ல.

எந்தப் பிரிவும் ஒத்துவரும். மெக்கானிக்கல் என்றால் செயற்கை மூட்டு, ஈ.சி.இ. என்றால் தசைச் சமிக்ஞை, கணினி என்றால் திரைவாசிப்பான், சிவில் என்றால் சாய்தளமும் கழிப்பறையும். தேவையின் அளவும் சிறிதல்ல. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 250 கோடிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி முதல் சக்கர நாற்காலி வரை ஏதோ ஓர் உதவிக் கருவி வேண்டும். சில ஏழை நாடுகளில் தேவைப்படுவோரில் 3 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது. இந்தியாவில் 2011 கணக்கெடுப்பு 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் என்றது. 1995 சட்டத்தில் 7 ஆக இருந்த வகைகளை 2016 சட்டம் 21 ஆக்கிவிட்டதால், அந்தப் பழைய எண்ணைக் குறைந்தபட்சம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

"எங்கெல்லாம் போகலாம்? ஒரு லிஸ்ட் கொடுங்க மேடம்."

முழுப் பட்டியல் என்னிடம் இல்லை. எங்கள் பிள்ளைகள் அடிக்கடி விண்ணப்பிப்பவற்றைச் சொல்கிறேன். ஜெர்மனிக்கு, அந்நாட்டின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. நடத்தும் 'வைஸ்'. இதில் ஜெர்மன் பேராசிரியரை நீங்களே தேடிப்பிடித்து, அவருடைய அழைப்புக் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். கனடாவுக்கு 'மிடாக்ஸ் குளோபலிங்க்', 12 வாரம். இது நேரெதிர்: பேராசிரியர்கள் போட்டிருக்கும் திட்டங்களின் பட்டியலிலிருந்து நீங்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். சிங்கப்பூருக்கு, அந்நாட்டு அரசின் ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டார் தரும் 'சிப்கா'. சவூதி அரேபியாவின் கௌஸ்ட் பல்கலைக்கழகமும் ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் உதவித்தொகையோடு தங்குமிடமும் விமானச் செலவும் தருகின்றன.

கடைசித் தேதி, தொகை, எந்தக் கல்லூரிகள் தகுதி பெறும் என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன வருடம் சீனியர் சொன்னதை நம்பாமல் அந்தந்த அமைப்பின் தளத்தில் நீங்களே பாருங்கள். ஒன்று மட்டும் மாறாது: மே மாதம் போக வேண்டும் என்றால் முந்தைய செப்டம்பரிலேயே விண்ணப்ப வேலை ஆரம்பித்திருக்க வேண்டும். பொங்கல் முடிந்து என்னிடம் கேட்பவர்களுக்கு அடுத்த ஆண்டுக்கான யோசனைதான் சொல்ல முடிகிறது.

"அமெரிக்காவுல 'ஆர்.இ.யூ.'ன்னு நூத்துக்கணக்குல இருக்கே. அதுக்கு நாம அப்ளை பண்ணலாமா?"

முடியாது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் இளநிலை மாணவர்களுக்காக நடக்கும் ஆய்வுத் திட்டங்கள் அவை. அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. அமெரிக்காதான் வேண்டும் என்றால் பல்கலைக்கழகங்கள் சொந்தமாக நடத்தும் கோடைத் திட்டங்களையோ, தன் நிதியில் உங்களை அழைக்கும் பேராசிரியரையோ தேட வேண்டும். அதற்கு வேண்டிய ஜே-1 (பரிமாற்றப் பார்வையாளர்) விசா வேலைக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

"நான் ஐ.ஐ.டி. இல்ல, தனியார் காலேஜ். சி.ஜி.பி.ஏ. 7.8. ஒரு அரியர் இருந்துச்சு, கிளியர் பண்ணிட்டேன். சான்ஸ் இருக்கா?"

சில திட்டங்களின் வாசலில் மதிப்பெண் வரம்பு இருக்கிறது. அங்கே மன்றாடிப் பயனில்லை. வரம்பைத் தாண்டிவிட்டால், 7.8-க்கும் 9.2-க்கும் உள்ள வித்தியாசத்தை ஆய்வகத்தார் நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கையால் எதையாவது செய்து, உடைத்து, திருத்தியிருக்கிறீர்களா என்று பார்க்கிறார்கள். அரியரை மறைக்காதீர்கள். மதிப்பெண் பட்டியலில் அது எப்படியும் தெரியும்.

தனியார் கல்லூரி மாணவர்களுக்கு உண்மையில் இடிப்பது சிபாரிசுக் கடிதம். எச்.ஓ.டி. எல்லோருக்கும் ஒரே கடிதத்தில் பெயரை மாற்றிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அதற்குப் பதில், உங்கள் ப்ராஜெக்டைக் கூட இருந்து பார்த்த இளநிலை ஆசிரியர் எழுதிய ஒரு பக்கம் மேல். பதவி சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.

"இருநூறு ப்ரொஃபசருக்கு மெயில் போட்டேன், ஒருத்தர்கூடப் பதில் போடல. என்ன தப்பு?"

இருநூறு பேருக்குப் போட்டதுதான். "மதிப்பிற்குரிய பேராசிரியரே, தங்கள் ஆய்வில் எனக்குப் பேரார்வம்" என்று தொடங்கும் மெயிலை அவர்கள் மூன்றாவது வரிக்கு மேல் படிப்பதில்லை. பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் அண்மைக் கட்டுரை ஒன்றையாவது முழுதாகப் படித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஒரு இடத்தைக் கேளுங்கள். பிறகு, நீங்கள் நேரில் பார்த்த ஒரு சிக்கலை நாலு வரியில் சொல்லுங்கள்.

ஒரு மாணவி எழுதியதைச் சொல்கிறேன். அவர் ஊரில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்கு வாக்கர் கொடுத்திருந்தார்கள். அது திண்ணையில் துணி உலர்த்தப் பயன்பட்டது. ஏன் என்று பார்க்கப் போனவர் டேப்பை வைத்து அளந்திருக்கிறார். கழிப்பறைக் கதவின் நிலை இரண்டடி. வாக்கர் அதைவிட ஒரு விரற்கடை அகலம். வாசல் வரை வாக்கரில் போய், அதைத் தாண்டச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தால், பெரியவர் ஆரம்பத்திலிருந்தே சுவரைப் பிடித்துக்கொண்டு போவதில் என்ன வியப்பு? அந்த மெயிலில் கதவின் அளவும், வாக்கரின் அளவும், கையால் போட்ட ஒரு படமும் இருந்தன. பேரார்வம் என்ற சொல் இல்லை. பதில் வந்தது.

"எஸ்.ஓ.பி.யில 'சமுதாயத்துக்குச் சேவை செய்யணும்'னு எழுதினா நல்லா இருக்குமா?"

எஸ்.ஓ.பி., அதாவது ஏன் வர விரும்புகிறீர்கள் என்று சொல்லும் நோக்கக் கடிதத்தில், அப்படி எழுதாதீர்கள். 'துன்பப்படுவோர்', 'பாவப்பட்டவர்கள்' என்று வருகிற விண்ணப்பத்தைப் படிப்பவர்களில் சிலர் தாங்களே சக்கர நாற்காலியில் இருந்து ஆய்வகம் நடத்துகிறவர்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சக்கர நாற்காலி ஆய்வுக்கென்றே ஒரு பெரிய ஆய்வகத்தை உருவாக்கிய ரோரி கூப்பர், முதுகுத்தண்டுக் காயத்துக்குப் பின் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர். அவரைப் போன்றவர்களுக்கு உங்கள் இரக்கம் தேவையில்லை, கணக்குத் தெரிந்த ஆள்தான் வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன கதவு அளவு போன்ற ஒன்று இருந்தால் போதும்.

"அந்த மாதிரி அனுபவத்துக்கு நான் எங்க போறது? எங்க வீட்ல யாரும் அப்படி இல்லையே."

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இருக்கிறது. விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் வந்தது. தென்காசிப் பக்கம் என்றால் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், 1981-இல் தொடங்கியது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை உருவாக்கும் டி.டி.கே. மையம் இருக்கிறது. உட்கார்ந்தவரை நிற்க வைக்கும் 'அரைஸ்' நாற்காலி 2019-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது.

போகும்போது கருவியோடு போகாதீர்கள். முறையாக அனுமதி வாங்கி, பிசியோதெரபி அறையில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எதை வாங்கி எதைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு வாரம் அப்படி உட்கார்ந்தவருக்கு எஸ்.ஓ.பி. தானாக வரும்.

"எவ்வளவு செலவாகும்? ஒரு ஏஜென்ட் ரெண்டரை லட்சம் கட்டினா கன்ஃபர்ம்னு சொல்றார்."

மேலே மூன்றாவது கேள்வியில் சொன்ன எதற்கும் ஏஜென்ட் தேவையில்லை. இடம் பிடித்துத் தர யாரும் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பணம் கட்டிப் போகும் 'ஆராய்ச்சி முகாம்கள்' பலவற்றில் நடப்பது இரண்டு வார வகுப்பு, ஒரு சான்றிதழ், சுற்றுலா. அது வேண்டுமென்றால் தாராளமாகப் போகலாம், ஆய்வு என்று நினைத்துப் போகாதீர்கள்.

ஆனால் முழு உதவித்தொகை கிடைத்தாலும் கையில் கொஞ்சம் பணம் வேண்டும். பாஸ்போர்ட், விசா, அறைக்கான முன்பணம், குளிருக்கான உடை. முதல் மாத உதவித்தொகை நீங்கள் அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகே வரும் என்பதால், அதுவரை சாப்பிட வேண்டும். விமான டிக்கெட்டைச் சில இடங்களில் பின்னால்தான் ஈடுசெய்வார்கள். கல்லூரி நிர்வாகத்திடம் பயண உதவி கேட்டு ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள். கேட்காமலே இல்லை என்று முடிவுகட்டுகிறவர்கள்தான் அதிகம்.

"பொண்ணை மூணு மாசம் தனியா அனுப்பறதுன்னா மனசு கேக்கல. தங்குறது, சாப்பாடு எல்லாம் எப்படிம்மா?" (ஒரு தாயார் கேட்டது)

உங்கள் கவலை நியாயம்தான் அம்மா. அழைப்புக் கடிதம் வந்ததும் மூன்றை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்: தங்குமிடம் பல்கலைக்கழக விடுதியா வெளியிலா, மருத்துவக் காப்பீடு எது, அவசரத்துக்கு யாரை அழைப்பது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே ஓர் அலுவலகம் இருக்கும். அந்த எண் உங்கள் கையிலும் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு ஒரு சின்ன ரைஸ் குக்கர் போதும். சாம்பார் பொடியைக் கொடுத்தனுப்புங்கள், ஊறுகாயை மட்டும் நன்றாகக் கட்டி அனுப்புங்கள்.

"மூணு மாசத்துல ஒரு முழு டிவைஸ் செஞ்சு கொண்டு வரலாம்னு இருக்கேன். முடியுமா?"

முடியாது, முயலவும் வேண்டாம். செயற்கைக் காலுக்கான ஐ.எஸ்.ஓ. 10328 தரச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஓர் இயந்திரத்தில் மாட்டி 30 லட்சம் முறை அழுத்தி எடுக்கிறார்கள். நொடிக்கு ஒருமுறை என்றால் இரவு பகலாக ஓடினாலும் 34 நாளுக்கு மேல். உங்கள் 12 வாரத்தில் ஐந்து வாரம் ஒரே ஒரு மாதிரியின் ஒரே ஒரு சோதனைக்குப் போய்விடும். இருபதாம் நாள் ஒரு போல்ட் விரிசல் விட்டால் வேறு போல்ட், மறுபடி பூஜ்யத்திலிருந்து.

இதைக் கண்ணால் பார்ப்பதுதான் போனதன் பலன் என்பது என் கருத்து. நம் கல்லூரிகளில் 'ப்ரோட்டோடைப் வேலை செய்தது' என்று விழாவில் காட்டிக் கைதட்டல் வாங்குவதோடு கதை முடிகிறது. அது பத்தாயிரமாவது தடவை என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. கருவி செய்ய இங்கேயே கற்றுக்கொள்ளலாம், ஆர்டுவினோவும் 3டி பிரிண்டரும் இல்லாத கல்லூரி இன்று குறைவு. சோதிக்கும் ஒழுக்கத்தைக் கற்கத்தான் கடல் கடக்க வேண்டியிருக்கிறது. நாளைக்கு அதுவும் வேண்டியிராமல் போகட்டும்.

"நோயாளிங்ககிட்ட நேரடியா டெஸ்ட் பண்ண விடுவாங்களா?"

தனியாக விடமாட்டார்கள். மனிதர்கள் பங்கேற்கும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். புதிதாக வாங்க மாதங்கள் ஆகும். அதனால் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஆய்வில் உங்கள் பெயரைச் சேர்க்க முடியுமா என்று கிளம்புமுன்னே கேளுங்கள். அதற்கான இணையப் பயிற்சியை இங்கிருந்தே முடித்துவிடலாம். போன பிறகு கேட்டால் மூன்று மாதமும் கணினியில் பழைய தரவோடு போய்விடும். (அதுவும் கெட்டதல்ல. ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும்.)

பங்கேற்பாளரோடு செல்ஃபி எடுத்து இன்ஸ்டாவில் போடுவது அடியோடு கூடாது. அவரே சரி என்றாலும் கூடாது. ஆய்வுக்கான சம்மதப் படிவத்தில் எழுதியிருப்பதைத் தாண்டி அவருடைய முகமோ குரலோ வெளியே போகக் கூடாது. இந்தியாவிலும் ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதல்கள் இதையேதான் கேட்கின்றன. இங்கே நாம் அலட்சியமாக இருந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

"அங்க செய்யற கருவி நம்ம ஊருக்கு ஒத்தே வராது. பின்ன எதுக்குப் போகணும்?"

இதுதான் நல்ல கேள்வி. பாதி சரி. டொராண்டோவின் கைட் மறுவாழ்வு ஆய்வகத்தில் பனிக்கட்டித் தரை போட்ட ஓர் அறை இருக்கிறது. அறையையே சாய்த்து, எந்த ஷூ எவ்வளவு சரிவில் வழுக்குகிறது என்று பார்க்கிறார்கள். அந்த ஷூவால் மதுரைக்காரருக்கு என்ன பயன்? ஆனால் 'எந்தக் கோணத்தில் வழுக்குகிறது' என்ற அந்தச் சோதனை முறையை நம் ஈரக் குளியலறை ஓடுகளுக்கும் செருப்புக்கும் அப்படியே கொண்டுவரலாம்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் ஷூவுக்குள் இருக்கவே செய்யப்பட்டது. வெறுங்காலோடு வயலில் இறங்குகிற, சம்மணமிடுகிற, குந்துகிற ஒருவருக்கு அது உதவவில்லை. 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் ரப்பரில் பாதம் செய்தது அதனால்தான். பல ஆண்டுகள் கழித்து ஸ்டான்ஃபோர்ட் பொறியியல் மாணவர்கள் அந்தப் பாதத்தைப் பொருத்தித் தரும் ஜெய்ப்பூர் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து மலிவான முழங்கால் மூட்டு ஒன்றை வடிவமைத்தார்கள். இங்கே வந்து கற்றுக்கொண்டது அவர்கள்.

அதே ஸ்டான்ஃபோர்டில் 2007-இல் ஒரு வகுப்பில் மலிவான இன்குபேட்டர் செய்யச் சொன்னார்கள். குழுவில் ஒருவர் நேபாளம் போய்ப் பார்த்தால், நகர மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் சும்மா கிடந்தன. குறைமாதக் குழந்தைகள் பிறந்ததோ கிராமத்தில். வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மெழுகுப் பை வைத்த குட்டித் தூக்கப்பையாக, 'எம்ப்ரேஸ்' என்ற பெயரில், அந்தப் ப்ராஜெக்ட் மாறிப்போனது. நீங்கள் அங்கே போகும்போது நம் ஊர்க் கதவு நிலையின் அளவையும் கொண்டுபோனால், இப்படி ஒரு திருப்பத்தை நீங்களே உண்டாக்கலாம்.

இன்னொன்று. சூரிக் அருகே 2016-இல், மாற்றுத்திறனாளிகள் உதவிக் கருவிகளோடு பங்கேற்கும் சைபத்லான் என்ற போட்டி முதல்முறை நடந்தபோது, செயற்கைக் கை பொருத்தியவர்கள் துணி காயப்போடுவது, ரொட்டி அறுப்பது போன்ற வீட்டு வேலைகளில் போட்டியிட்டார்கள். மோட்டார் வைத்த கைகளை முந்தி வென்றது, தோள் அசைவால் கம்பியை இழுத்து இயக்கும் பழைய வகைக் கை. எது 'மேம்பட்டது' என்பதில் அவசரப்பட வேண்டாம்.

"நானே வீல்சேர் யூசர். அப்ளிகேஷன்ல சொல்லணுமா, மறைக்கணுமா?"

சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என் யோசனை: தேர்வு முடியும் வரை உங்கள் விருப்பம், தேர்வான மறுநாளே எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். ஆய்வகக் கதவு, மேசை உயரம், விடுதிக் குளியலறை, அங்கிருந்து ஆய்வகம் வரை பேருந்தில் சாய்தளம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 'எல்லாம் வசதி இருக்கிறது' என்று பொதுவாகப் பதில் வந்தால் விடாமல் போட்டோ கேளுங்கள். மின்சாரச் சக்கர நாற்காலி என்றால் பேட்டரியின் வகையையும் திறனையும் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து, அவர்கள் ஒப்புக்கொண்ட மெயிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கவுன்ட்டரில் நிற்பவருக்கு விதி தெரிந்திருக்கும் என்று நம்ப முடியாது.

இந்தத் துறையில் உங்கள் அனுபவமே ஒரு தகுதி. ஆனால் ஆய்வகத்தில் உங்களை எல்லாச் சோதனைக்கும் இலவசப் பங்கேற்பாளராக உட்கார வைத்தால் மறுக்கலாம். நீங்கள் போனது பொறியாளராக.

"பேப்பர்ல என் பேர் வருமா? நான் போட்ட டிசைன் யாருக்குச் சொந்தம்?"

பெயர் வருவது நீங்கள் செய்த வேலையைப் பொறுத்தது, தங்கிய நாட்களை அல்ல. மூன்று மாதத்தில் கட்டுரை வெளிவருவது அபூர்வம். ஊர் திரும்பிய பிறகும் தரவைத் திருத்திக்கொடுத்து, படங்களைச் சரிசெய்து தொடர்பில் இருப்பவர்களின் பெயர்தான் கடைசியில் நிற்கிறது. டிசைனைப் பொறுத்தவரை, சேரும் முன் நீட்டும் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெரும்பாலும் அங்கே செய்தது அவர்களுக்கே. இங்கிருந்து கொண்டுபோகும் உங்கள் பழைய வடிவமைப்பு ஏதாவது இருந்தால், போகுமுன்னே தேதியோடு ஆவணப்படுத்தி, அது உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

"திரும்பி வந்தப்புறம் அதைத் தொடர முடியுமா? இல்ல ரெஸ்யூமேல ஒரு வரியா போயிடுமா?"

தொடரலாம், ஆனால் நேரமாகும். பார்வையற்றோர் தடியில் மாட்டி, முழங்காலுக்கு மேல் வரும் தடைகளை அதிர்வால் உணர்த்தும் 'ஸ்மார்ட்கேன்', ஐ.ஐ.டி. டெல்லியில் இளநிலை மாணவர் ப்ராஜெக்டாகத் தொடங்கியது. அது 2014-இல் கடைக்கு வருவதற்குள் பார்வையற்றோர் அமைப்புகளும், தயாரித்துக் கொடுக்கச் சென்னை நிறுவனம் ஒன்றும் சேர வேண்டியிருந்தது. மாணவர் மட்டும் தனியாக எதையும் கொண்டுவந்துவிடவில்லை.

கிளம்பும் வாரத்தில் வழிகாட்டியிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: சோதனைச் செய்முறையின் பிரதி, இந்தியாவில் அதைப் பயன்படுத்த எழுத்துப்பூர்வ அனுமதி, ஆறு மாதம் கழித்து ஒரு காணொளிச் சந்திப்புக்கான தேதி. பிறகு, எட்டாவது கேள்வியில் சொன்ன இடங்களில் நீங்கள் முன்பு உட்கார்ந்திருந்த அறைக்கே திரும்பிப் போய், அங்குள்ள பிசியோதெரபிஸ்டிடம் அந்தச் செய்முறையைக் காட்டுங்கள். அவர் "இது இங்க நடக்காது" என்று எந்த வரியைச் சுட்டுகிறாரோ, இறுதியாண்டு ப்ராஜெக்டை அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.